மேடைக்குப் பின்னால் தொடங்கும் கட்டடம்: கம்பைநல்லூரை முன்வைத்து

தமிழ்நாட்டில் ‘கலையரங்கம்’ என்று பெயர் எழுதிய கட்டடம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமென்ட் மேடை, மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட் தளம், நெற்றியில் எந்த நிதியிலிருந்து எவ்வளவு செலவில் யார் திறந்துவைத்தார் என்ற விவரம். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆண்டில் சில இரவுகள் அதில் பாட்டும் பட்டிமன்றமும் நடக்கும். மற்ற நாட்களில் தானியம் காயும், சீட்டுக்கட்டு புரளும், மழைக்கு ஆடுகள் ஒதுங்கும். ஊராருக்குக் கலையில் நாட்டம் குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே வேறொரு காரணம் தெரியும். அது பார்க்க வருபவரின் கண்ணுக்காக மட்டும் வகுக்கப்பட்டது. வேடம் கட்டவும் உடை மாற்றவும் அதில் இடமில்லை. ஒத்திகை பார்க்கவும் வாத்தியங்களைப் பூட்டி வைக்கவும் களைத்தவர் தலைசாய்க்கவும் இடமில்லை. பொதுக் கட்டடத்தில் எல்லாமே பொதுவாக இருக்க வேண்டும் என்று எண்ணித் தனியிடங்களை விட்டுவிட்டோம். அதனால் பொது இடமும் ஆளின்றிக் கிடக்கிறது. ஒரு சமூகக் கலைக்கூடம் எவ்வளவு பேருக்குப் பொதுவாக இருக்கும் என்பதை அதன் தனியிடங்களே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பெருநகரத்தை வைத்துப் பேசினால் எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடும். அங்கே சபாக்களும் அரங்குகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சோதிக்க வேண்டிய இடம் கம்பைநல்லூர் போன்ற பேரூர். தருமபுரி மாவட்டத்தில், தென்பெண்ணைப் படுகையில், தேசிநாதேஸ்வரர் கோயிலைக் கொண்ட பேரூராட்சி அது. சுற்றியுள்ள சிற்றூர்கள் கடைக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் வந்துபோகும் இடம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த மாவட்டம் தருமபுரி. மழை குறைந்த, பிழைப்புக்கு வெளியூர் போகிறவர்கள் மிகுந்த மாவட்டம் என்றே அது பேசப்படுகிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மூன்றும் சேர்ந்த இந்த மேட்டுநிலம் தெருக்கூத்து இன்னமும் சடங்காகவும் தொழிலாகவும் நிலைத்திருக்கும் நிலம். கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. கம்பைநல்லூர் போன்ற ஊரில் சமூகக் கலைக்கூடம் ஒன்றைக் கட்டுவதானால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு, இந்தக் கலை தன் இடத்தை எப்படி வகுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

கூத்து வகுத்த இடம்

பாரதத் திருவிழா ஊர் முழுவதையும் ஒரு கட்டடமாகப் பயன்படுத்துகிறது. பகலில் கோயில் முன் பந்தலில் பாரதப் பிரசங்கம். இரவு களரி எனப்படும் ஆடுகளத்தில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு வெட்டவெளியில் உயரமான மரம் நடப்படும். படுகளத்துக்குத் துரியோதனன் உருவம் மண்ணால் தரையில் கிடத்தப்படும். முடிவில் தீமிதி. எந்த நிகழ்வு எந்த இடத்தில், எந்தப் பொழுதில், யார் முன்னிலையில் என்பதில் குழப்பமே இல்லை. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-இல் வெளியிட்ட தெருக்கூத்து ஆய்வும், திரௌபதி வழிபாடு பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இலிருந்து எழுதிய நூல்களும் இந்தச் சடங்கையும் ஆட்டத்தையும் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. கட்டடக் கலை நோக்கில் இவற்றைப் படிப்பவருக்கு ஒன்று பளிச்சென்று தெரியும். கூத்தில் களரி எவ்வளவு திறந்திருக்கிறதோ, வேடம் கட்டும் இடம் அவ்வளவு மூடியிருக்கிறது.

ஜமா எனப்படும் கூத்துக் குழு ஒன்றில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அரிதாரம் பூசத் தொடங்கினால் முக்கிய வேடத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் உடலோடு சேர்த்து இறுக்கிக் கட்ட இன்னொருவர் துணை வேண்டும். வாத்தியார் வசனத்தைச் சரிபார்ப்பதும், இளையவர் பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிடுவதும், அன்றைய இரவுக்கு யாருக்கு எந்தப் பாட்டு என்று முடிவாவதும் அங்கேதான். இவ்வளவு வேலைக்கும் கிடைப்பது பள்ளிக்கூடத் தாழ்வாரம், யாரோ இரவல் கொடுத்த வீட்டுத் திண்ணை, அல்லது தார்ப்பாய் மறைப்பு. அங்கிருந்து களரிக்கு வரும் வேடம் நேரே வெளிப்படுவதில்லை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும். கிரீடமும் சலங்கைக் காலும் மட்டும் தெரிய, கூட்டத்தின் ஆவல் ஏறிய பிறகே திரை விலகும். மனிதன் ஒருவன் துரியோதனனாகும் கணத்தை ஊர் பார்க்கக் கூடாது. ஆகிவிட்ட பின் வருவதை ஊர் முழுதும் பார்க்க வேண்டும். தனியிடத்துக்கும் பொதுவிடத்துக்கும் நடுவில் உள்ள எல்லையை ஒரு துணியில் இவ்வளவு துல்லியமாக வகுத்த கலைக்கு நாம் கட்டிக் கொடுத்தது பின்னால் வாசலே இல்லாத மேடை.

பழைய நூல்கள் இந்த அறிவைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்லும் அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் கொண்டது. கோல் என்பது 24 விரல். மேடை அளவோடு அது நின்றுவிடவில்லை. இரண்டு வாயில்களையும், எழினி எனப்படும் திரையின் மூன்று வகைகளையும், தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே சொல்கிறது. அடியார்க்கு நல்லாரின் உரை ஆடுவோர் மறைந்து போய்வரும் வழியையும் அவர்கள் தங்கும் பள்ளியையும் அரங்கின் பகுதிகளாகவே எண்ணுகிறது. நாட்டிய சாத்திரம் சொல்லும் நடுத்தர அளவு நாடகசாலை 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்டது. முன்பாதி பார்ப்போருக்கு, பின்பாதியில் ஒரு பாதி ஆட்டத்துக்கு, மீதிப் பாதி ஒப்பனைக்கு உரிய நேபத்தியம். அதாவது, மொத்தக் கட்டடத்தில் கால் பங்கு பார்வையாளர் எவரும் காண முடியாத இடம். நூல் விதித்தபடியெல்லாம் ஊர்தோறும் கட்டினார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இடத்தைப் பற்றி யோசித்தவர்கள் ஒப்பனை அறையைச் செலவுக் குறைப்பில் முதலில் வெட்ட வேண்டிய பகுதியாகக் கருதவில்லை என்பது உறுதி. இன்றைய கலையரங்கத்தில் அந்தப் பங்கு பெரும்பாலும் சுழியம்.

வாசலின் நியாயமும் அநியாயமும்

பொது, தனி என்று இரண்டாகப் பிரித்தால் மட்டும் வடிவமைப்பு ஆகிவிடாது. செர்ஜ் செர்மயெஃபும் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் 1963-இல் எழுதிய நூலில் நகரப் பொதுவெளி தொடங்கித் தனிமனிதனின் அறை வரை ஆறு படிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவழியைச் சரியாக வகுக்காத கட்டடத்தில் இரண்டுமே கெடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து நடை, நடை கடந்து முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள் என்று வாழ்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் லினா போ பார்டி பழைய டிரம் தொழிற்சாலை ஒன்றை மக்கள் கலைக்கூடமாக மாற்றினார். 1982-இல் திறக்கப்பட்டது அது. தொழிற்சாலைக் கொட்டகைகளை இடிக்காமல் விட்டு, கைவினைப் பட்டறைகளைக் கூரை வரை எட்டாத சுவர்களால் பிரித்தார். வேலை செய்பவருக்கு மறைவு உண்டு. பக்கத்தில் இன்னொருவர் வேலை செய்வதும் காதில் விழும். சார்ல்ஸ் கொரியா வடிவமைத்து அதே 1982-இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவன், சரிவில் படிப்படியாக இறங்கும் மாடித் தளங்களால் ஆனது. நடந்துபோகிறவர் உள்ளே நுழைந்தோம் என்று உணர்வதற்கு முன்பே கட்டடத்துக்குள் இருப்பார். இரண்டிலும் கதவைக் காட்டிலும் கதவுக்கு முந்தைய இடத்துக்கே அதிக யோசனை செலவாகியிருக்கிறது.

திண்ணையைப் புகழ்வது எளிது. அது யார் எதுவரை வரலாம் என்று வரைந்த சாதிக் கோடாகவும் இருந்தது என்பதை விட்டுவிட்டுப் புகழ்ந்தால் அது ஆய்வு ஆகாது. தருமபுரி மாவட்டத்தில் இதை மறந்து எந்தப் பொதுக் கட்டடத்தையும் பேச முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டது இதே மாவட்டத்தில்தான். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. சட்டம் வாசலைத் திறக்கும். வாசலுக்குப் போகும் தெரு யாருடையது என்பதை வரைபடம்தான் தீர்மானிக்கும். கோயிலை ஒட்டிய மனையில் கலைக்கூடம் கட்டினால் கோயிலுக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்கே அது இயல்பாக இருக்கும். ஒரு சாதியின் தெருவைக் கடந்து போக வேண்டியிருந்தால் மற்றவர் விழா நாளில் மட்டும், அதுவும் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வருவார்கள். ஆகவே பேருந்து நிற்கும் சாலையோரம், பள்ளிப் பக்கம், பேரூராட்சி அலுவலகத்தை ஒட்டிய நிலம் என்று எவர் தெருவையும் கடக்காமல் வந்துசேரக்கூடிய மனையே முதல் நிபந்தனை. எவ்வளவு நல்ல வரைபடமும் தவறான மனையைத் திருத்தாது.

இங்கே வாதம் இன்னும் ஓரடி உள்ளே போக வேண்டும். பாகுபாடு களரியில் நடப்பதைவிட களரிக்குப் பின்னால் நடப்பது அதிகம். பறையடிப்பவரை மேடைக்கு அழைத்து மாலை போடும் ஊர், அவருக்குத் தண்ணீரைத் தனிக் குவளையில் கொடுக்கவும் செய்யும். சாப்பாட்டுக்கு வேறு இடம் காட்டவும் செய்யும். முன்பக்கம் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால் சமத்துவம் வந்துவிட்டதென்று நினைப்பது இதனால்தான் ஏமாற்று. கூத்து ஜமாவும் பறைக் குழுவும் ஒரே ஒப்பனை அறையில், ஒரே குழாயில், ஒரே சமையற்கட்டில் புழங்கும்படி கட்டடம் வகுக்கப்பட்டால் சமத்துவம் அறிவிப்புப் பலகையிலிருந்து இறங்கி அன்றாடப் பழக்கமாகும். ஆகப் பொதுமையின் கடினமான சோதனை பின்னறையில்தான் நடக்கிறது. பின்னறையே கட்டாதபோது அந்தச் சோதனையை நாம் சந்திக்காமல் நழுவுகிறோம். பாகுபாடு இரவல் திண்ணைகளில் வழக்கம்போலத் தொடர்கிறது.

பெண்கள் வரும்போது

தனியிடத்தின் தேவையை மிகத் தெளிவாகக் காட்டுவது பெண் கலைஞர்களின் நிலை. தெருக்கூத்தில் திரௌபதியும் குந்தியும் நெடுங்காலமாக ஆண்கள் போட்ட வேடங்கள். பெண்கள் ஏன் ஆடவில்லை என்பதற்குச் சடங்கு, ஒழுக்கம், குடும்பம் என்று பல காரணங்கள் சொல்லப்படும். அவற்றோடு ஒரு எளிய காரணத்தையும் சேர்க்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் ஆட்டத்தில், பெண் ஒருத்தி உடை மாற்றவும் கழிப்பறைக்குப் போகவும் பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் பெரும்பாலான ஊர்களில் இடமில்லை. பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி பிரைனும் முன்னின்று வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் உருவானது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் அது நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், 2002 முதல் 2020 வரை, பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது. அதில் பெண் பிள்ளைகளும் கற்று முழுநீளக் கூத்துகளில் ஆடினார்கள். கட்டடம் மட்டும் அதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆசிரியர்களின் துணிவும் பெற்றோரின் நம்பிக்கையும் முதன்மையானவை. ஆனால் அந்த நம்பிக்கை, பிள்ளைகள் தங்கவும் படிக்கவும் பழகவும் ஓர் இடம் இருந்ததன் மேல் நின்றது. பூட்டக்கூடிய கதவு ஒன்று பெண்ணுக்கு மேடையைத் திறந்துவிடுகிறது. பொதுவெளியில் பெண்கள் வர வேண்டும் என்று பேசுவோர் முதலில் கேட்க வேண்டியது தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை.

சிற்றூரில் இப்படிப்பட்ட கூடம் நீடிக்குமா என்ற ஐயத்துக்குக் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் உள்ள ஹெக்கோடு பதில் சொல்கிறது. பாக்குத் தோப்புகளுக்கு நடுவிலுள்ள அந்தச் சிற்றூரில் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949-இல் நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கத்தை, சுருக்கமாக ‘நீனாசம்’ என்பதை, உருவாக்கினார்கள். சிவராம காரந்தர் பெயரிலான அரங்கம் 1972-இல் வந்தது. 1980-இல் நாடகப் பள்ளி. 1985-இல் ஊர் ஊராகச் செல்லும் ‘திருகாட்ட’ நாடகக் குழு. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அரங்கு வந்ததோடு வேலை முடிந்ததென்று அவர்கள் நிறுத்தியிருந்தால் இன்னொரு கலையரங்கமாகவே அது முடிந்திருக்கும். மாணவர் தங்குமிடமும் நூலகமும் சாப்பாட்டுக் கூடமும் ஒத்திகை இடமும் சேர்ந்த பிறகுதான் ஆண்டு முழுதும் ஆள் புழங்கும் இடமாக அது மாறியது. ஒரு மாலை நாடகத்துக்கு நூறு பேர் வருவதற்குப் பின்னால், அங்கேயே தங்கி மாதக்கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு நெருக்கத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழையும் களரி அமைப்பையும் நடத்திக் கூத்துக் கலைஞர்களுக்கு ஆதரவாக நிற்கிறார். தனிமனித உழைப்பால் இவ்வளவு நடக்கிற நிலத்தில், பொதுப் பணத்தில் கட்டும் கட்டடங்கள் அந்த உழைப்புக்குத் தோள் கொடுக்காமலிருப்பதுதான் குறை.

வரைபடம் எப்படி இருக்கலாம்

கம்பைநல்லூரில் இப்படியொரு கூடம் கட்டினால் களரிக்குக் கூரை வேண்டாம். கெட்டித்த மண் தரை, மூன்று பக்கம் மணலில் உட்காரும் கூட்டம், ஓரத்தில் வேம்போ புங்கமோ போதும். சிமென்ட் தரையில் இரவு முழுதும் சலங்கை கட்டிச் சுழன்றாடுகிறவர்களின் முழங்கால் தாங்காது. பந்தல் கால் நடக் குழியும் மின் இணைப்பும் நிரந்தரமாக இருந்தால் மழைக் காலத்துக்கும் வழி பிறக்கும். பணம் போக வேண்டிய இடம் களரியின் பின்னால் உள்ள கட்டடம். சாலைப் பக்கம் அகலமான தாழ்வாரம்: பேருந்துக்கு நிற்பவர், செய்தித்தாள் படிப்பவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் யாரும் கேட்காமல் உட்காரலாம். தாழ்வாரத்தைக் கடந்தால் பயிற்சிக் கூடம். வேடிக்கை பார்க்க சன்னல் உண்டு, உள்ளே வர வாத்தியாரின் இசைவு வேண்டும். அதையும் தாண்டினால் ஒரு சிறு முற்றம்; அதைச் சுற்றி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஒப்பனை அறை, பொதுவான சமையற்கட்டு, குளியலறை, கழிப்பறை, இரவில் வந்து சேரும் ஜமா படுக்க இரண்டு அறைகள், கரையான் ஏறாத மேடையோடு ஆடையணிகளுக்கும் வாத்தியங்களுக்கும் ஒரு வைப்பறை. ஒப்பனை அறையிலிருந்து களரிக்கு நேரே ஒரு மறைவழி. தாழ்வாரத்துக் கூட்டத்தைக் கடக்காமல் வேடம் திரைக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டும்.

சிறு விவரங்களில்தான் பொதுவும் தனியும் ஒத்துப்போகின்றன. ஒப்பனை அறையின் காற்றுத் துளைகள் தலைக்கு மேல் உயரத்தில் இருந்தால் எட்டிப் பார்க்க முடியாது, சூடும் வெளியேறும். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய செங்கல் சாளரச் சுவர் இதற்கே ஏற்றது. அவர் கையாண்ட ராட்-டிராப் கட்டு முறையில் செங்கலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். சுவருக்குள் நிற்கும் காற்று கோடை வெயிலைத் தடுக்கும். பயிற்சிக் கூடத்தை வீடுகள் இல்லாத பக்கமாகத் திருப்பினால் மத்தளச் சத்தம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோடு சண்டைக்குப் போகாது. கழிப்பறைக்குப் போகும் வழி விளக்கின் கீழ், ஆனால் கூட்டத்தின் பார்வைக்கு நேராக இல்லாமல் இருக்க வேண்டும். ஒப்பனைக் கண்ணாடிக்கு முகத்தின் இரு பக்கமும் வெளிச்சம், அரிதாரம் கழுவத் தொட்டி, உடை தொங்கவிட வலுவான கொடி, கனமான பெட்டிகளை இறக்க வேன் நேரே வந்து நிற்கும் வாசல் என்று பட்டியல் நீளும். இதை எழுத வேண்டியவர் பொறியாளர் மட்டுமல்ல. வேடம் கட்டுகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

மறுப்புகள்

இதற்கு வரும் முதல் மறுப்பு கலைப் பக்கத்திலிருந்து. தெருக்கூத்து தெருவின் கலை. கட்டடத்துக்குள் கொண்டுபோனால் செத்துப்போகும் என்பார்கள். அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சடங்கிலிருந்து பிரித்து, நேரத்தைச் சுருக்கி, நகர அரங்குக்குத் தக்கபடி வெட்டிய கூத்து எவ்வளவு இழக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் இங்கே முன்வைக்கப்படும் கட்டடம் ஆட்டத்தைக் கூரைக்குக் கீழே இழுக்கவில்லை. திரௌபதியம்மன் கோயில் பாரதம் அந்தக் கோயில் முன்பே நடக்கும். களரி திறந்தே இருக்கும். இக்கட்டடம் ஆட்டத்துக்கு முன்னும் பின்னுமான வாழ்க்கைக்கானது. கலைஞர் வசதியற்று இருப்பதைக் கலையின் இயல்பென்று காட்டுவது, பிறர் கஷ்டத்தை அழகாகக் காணும் பழைய பழக்கம்.

இரண்டாவது மறுப்பு பணம். பேரூராட்சிக்கு வடிகாலும் குடிநீரும் இருக்கும்போது ஒப்பனை அறையா என்று கேட்பார்கள். குடிநீரும் கலைக்கூடமும் ஒரே கணக்கிலிருந்து வருவதானால் குடிநீரே முதலில் வர வேண்டும், இதில் வாதமில்லை. ஆனால் கலையரங்கங்களும் சமுதாயக் கூடங்களும் எப்படியும் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஆகக் கேள்வி புதிதாகச் செலவழிப்பதா என்பதல்ல; செலவாகும் பணத்துக்கு எந்த வரைபடம் என்பதே. ஒரு மேடையையும் கான்கிரீட் தளத்தையும் விட்டுவிட்டு அதே பணத்தில் ஒப்பனை அறைகள், கழிப்பறை, வைப்பறை மூன்றையும் முதலில் கட்டலாம். திறந்த நிலம் எப்படியும் இருக்கிறது. அதைச் சமப்படுத்தினால் களரி. பயிற்சிக் கூடமும் தங்கும் அறைகளும் அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கலாம். பின்பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் பாதியில் நின்றாலும் பயன்படும். முன்பக்கத்திலிருந்து தொடங்கியவை பாதியில் நின்று வெறும் மேடைகளாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. அறை என்று ஒன்று கட்டினால் அதற்குப் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவி ஒருவர் கைக்குப் போகும். கட்சிக்காரரோ ஒரு சாதியோ ஒரு ஜமாவோ அதைத் தன் சொத்தாக்கும். இல்லாவிட்டால் குடிக்கும் இடமாகும். வெட்டவெளி மேடையை யாரும் கைப்பற்ற முடியாது என்பார்கள். பொதுக் கட்டடங்கள் பலவற்றின் கதி இதை மெய்ப்பிக்கவே செய்கிறது. இதற்குக் கட்டடம் பாதிப் பதில்தான் சொல்லும். ஒப்பனை அறைகள் தெருவுக்கு மறைவாகவும் முற்றத்துக்கு எதிரிலும் இருந்தால், சமையற்கட்டிலும் பயிற்சிக் கூடத்திலும் ஆள் இருக்கும்வரை யாரும் கவனியாத மூலை என்று ஒன்று இராது. மற்றப் பாதி நிர்வாகம். ஜமா வாத்தியார்கள், பறை, ஒயிலாட்டக் குழுவினர், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளி ஆசிரியர், பேரூராட்சி ஆகிய தரப்புகளிலிருந்து குழு அமைத்து, அதில் பெண்களுக்கும் தலித் கலைஞர்களுக்கும் இடத்தை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். எந்த நாள் யாருக்கு என்ற பட்டியல் தாழ்வாரச் சுவரில் எல்லாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வந்திறங்கும் குழுவுக்கு அலுவலக நேரச் சாவி உதவாது. கட்டடத்திலேயே தங்கும் காவலரின் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தவறு நேரலாம். ஆனால் அறையே இல்லாத ஊரில் அதிகாரம் இல்லாமல் போய்விடவில்லை. யார் வீட்டுத் திண்ணையில் யார் வேடம் கட்டலாம் என்று அந்த வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். அவரிடம் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. பொதுக் கட்டடத்தின் சாவி யாரிடம் என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைந்தபோது, கலைஞர் என்பவர் மேடையில் தெரியும் சில மணி நேரத்துக்கு அப்பாலும் வாழ்கிறவர், நோயும் முதுமையும் உள்ளவர் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு இன்னும் கட்டட வரைபடத்துக்கு வந்து சேரவில்லை. உதவித்தொகை பெறும் கலைஞரே பள்ளித் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து கைக்கண்ணாடியில் அரிதாரம் பூசிக்கொள்கிறார். கம்பைநல்லூரிலோ அதைப் போன்ற வேறொரு பேரூரிலோ அடுத்த கலையரங்கத்துக்கு மதிப்பீடு தயாராகும்போது மன்றக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். மொத்தப் பரப்பில் பார்வையாளர் கண்ணில் படாத பங்கு எவ்வளவு? ஒரு பெண் குழு விடியும்வரை இங்கே தங்க முடியுமா? எல்லாச் சாதிக் கலைஞரும் ஒரே பின்வாசலில் நுழைவார்களா? நாட்டிய சாத்திரம் கொடுத்த கால் பங்கு முதல் கேள்விக்குக் குறைந்தபட்ச விடையாக இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத திட்டத்துக்கு ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்புவது கலைக்கு எதிரான செயலாகாது. அடிக்கல்லையும் இடம் மாற்றி நாட்டலாம்: மேடைக்கு முன்பாக ஒப்பனை அறைக்கும் கழிப்பறைக்கும்.